உறவுமுறை: தோழி

(சுங்குவார்சத்திரத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலையொன்றில், ஆலைத் தொழிலாளர்கள் கூடிய வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்பது உங்களில் பலருக்குத் துணி துவைக்கிற நாள். ஊருக்குப் போன் போட்டுப் பேசுகிற நாள். ராத்திரி ஷிப்ட் இருந்தால் பகலில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்குகிற நாள். அப்படிப்பட்ட நாளில் ஒரு மாலையை ஒதுக்கி இங்கே வந்திருக்கிறீர்கள். நன்றி.

இன்றைய தலைப்பு 'தன்பாலினத் திருமணமும் நீதிமன்றமும்'. நோட்டீஸைப் பார்த்த மூத்த தோழர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "சம்பளப் பிரச்சினை இருக்கு, காண்ட்ராக்ட் பிரச்சினை இருக்கு. இதைப் போய் சுங்குவார்சத்திரத்துல பேசணுமா?" நியாயமான கேள்வி. இந்த உரை முழுவதும் அவருக்கு நான் சொல்லும் பதில்தான். அவரும் இங்கே வந்திருக்கிறார். அதனால் கவனமாகவே பேசுகிறேன்.

ஒரு படிவத்திலிருந்து தொடங்குகிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் உங்கள் எல்லோர் கையிலும் அதைக் கொடுத்திருப்பார்கள். பி.எஃப். நாமினி படிவம். பெயர், முகவரி, உறவுமுறை, பிறந்த தேதி, எத்தனை பங்கு என்று கட்டம் கட்டமாக இருக்கும். பெரும்பாலானவர்கள் இரண்டு நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். நான் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறவள். சில ஆண்டுகளுக்கு முன்பு, இந்தப் பக்கத்து ஆலையொன்றில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அந்தப் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். தென்மாவட்டத்துப் பெண். ஆறு வருஷமாக இன்னொரு பெண்ணோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறாள். ஒரே அடுப்பு, ஒரே வாடகை, ஒரே சீட்டு. நாமினியின் பெயர் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர் அழகாக எழுதியிருந்தது. உறவுமுறை என்ற கட்டத்தில் முதலில் 'அக்கா' என்று எழுதி அடித்திருந்தாள். பிறகு 'சித்தி மகள்' என்று எழுதி அதையும் அடித்திருந்தாள். கட்டத்தில் இடம் தீர்ந்துபோய், ஓரத்தில், பொடி எழுத்தில் 'தோழி' என்று எழுதியிருந்தாள். "அக்கா, இது செல்லுமா?" என்று கேட்டாள்.

செல்லாது. பி.எஃப். விதிப்படி, குடும்பம் உள்ள உறுப்பினர் அந்தக் குடும்பத்தாரைத்தான் நாமினியாக்க முடியும். குடும்பம் என்றால் யார் யார் என்பதையும் அந்த விதியே சொல்லிவிடுகிறது: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், நம்மை நம்பியிருக்கும் பெற்றோர் என்று ஒரு பட்டியல். அவர்களை விட்டுவிட்டு வெளியார் பெயரை எழுதினால் அந்த நியமனம் செல்லுபடியாகாது. கிராஜுவிட்டியிலும் அதே கதை. இ.எஸ்.ஐ. கார்டை வைத்துக் குடும்பத்துக்கு வைத்தியம் பார்க்கலாம். அந்தக் குடும்பத்திலும் தோழிக்கு இடமில்லை. இத்தனை வருஷம் மிஷின் முன்னால் நின்று சேர்த்த காசு, தனக்கு ஒன்று ஆனால் யாருக்குப் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சட்டத்துக்கு அது தெரியாது.

மூத்த தோழர் கேட்டது சம்பளப் பிரச்சினை. இது அவளுடைய சம்பளப் பிரச்சினை.

ஒரு மனுவும் ஒரு சொல்லும்

அந்தப் பொடி எழுத்துச் சொல் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது 2025 மே மாதம்.

நீங்கள் 'ஜெய் பீம்' பார்த்திருப்பீர்கள். 2021இல் வந்த படம். அதற்குப் பிறகு 'ஆட்கொணர்வு மனு' என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. ஒருவரைச் சட்டத்துக்குப் புறம்பாக யாராவது அடைத்து வைத்திருந்தால், 'அந்த ஆளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்து' என்று நீதிமன்றம் போடுகிற உத்தரவுக்கான மனு அது. அந்தப் படத்தில் செங்கேணி தன் கணவனைத் தேடி அந்த மனுவைப் போட்டாள். 2025இல் வேலூர் மாவட்டத்துப் பெண் ஒருத்திக்காக இன்னொரு பெண் அதே மனுவைச் சென்னை உயர்நீதிமன்றத்தில் போட்டாள். அடைத்து வைத்திருந்தது பெற்ற வீடு.

நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் கொண்ட அமர்வு அதை விசாரித்தது. வீட்டில் அடைக்கப்பட்டிருந்த 25 வயதுப் பெண்ணை வரவழைத்து அவளிடமே பேசினார்கள். 'பராசக்தி' காலத்திலிருந்து நம் சினிமாவில் நீதிமன்றக் காட்சி என்றால் நீண்ட வசனம் எதிர்பார்ப்போம். இங்கே நீண்ட வசனம் எதுவும் தேவைப்படவில்லை. தான் தன்பாலீர்ப்பு கொண்டவள், மனு போட்டவளோடு உறவில் இருக்கிறேன், அவளோடு போகவே விரும்புகிறேன் என்று அவள் தெளிவாகச் சொன்னாள். வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுபோனதையும், அடித்ததையும், 'சரியாகிவிடுவாள்' என்று சடங்குகள் செய்ய வைத்ததையும் சொன்னாள். தன் மகளை மனுதாரர் வழிகெடுத்துவிட்டார் என்று தாயார் நீதிபதிகளிடம் முறையிட்டார். மே 22 அன்று தீர்ப்பு வந்தது. அவள் விருப்பப்படி போகலாம். வீட்டார் குறுக்கிடக் கூடாது. போலீஸ் பாதுகாப்புத் தர வேண்டும். புகார் வந்தபோதே நடவடிக்கை எடுக்காத போலீஸாரை அமர்வு கடிந்துகொண்டது. திருமணம் ஒன்றுதான் குடும்பத்தை உண்டாக்கும் வழி என்றில்லை. தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்து சட்டச் சிந்தனையில் நிலைபெற்றுவிட்டது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

அந்தத் தீர்ப்பில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் ஒன்று உண்டு. மனுதாரர் தன் மனுவில் தன்னை 'நெருங்கிய தோழி' என்றுதான் எழுதியிருந்தார். இணை என்று எழுதவில்லை. நீதிபதிகள் அதைக் கவனித்தார்கள். அந்தத் தயக்கம் தங்களுக்குப் புரிகிறது என்றும் எழுதினார்கள். போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்து, உயர்நீதிமன்றக் கதவைத் தட்டுகிற துணிச்சல் உள்ள ஒருத்திக்கும் அந்த ஒரு கட்டத்தில் பேனா நின்றிருக்கிறது.

'தோழி' சாதாரணமான சொல் அல்ல. நம் அகப்பாட்டு மரபில் காதலை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு அவளுடையது. தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம் சொல்வாள், செவிலி நற்றாயிடம் சொல்வாள், தாய் தந்தையிடமும் தமையரிடமும் கொண்டுபோவாள். இதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் 'அறத்தொடு நிற்றல்'. பாடல்கள் பேசியது ஆண் பெண் காதலைத்தான். இல்லாததை இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெயரைப் பாருங்கள். ஒருத்தி உண்மையாக ஒருவரை நேசிக்கிறாள் என்பதை வீட்டுக்கு மறைக்காமல் சொல்வதை, நம் மொழி அறத்தின் பக்கம் நிற்பது என்றது. இன்று அதே தோழி என்ற சொல்லை உண்மையை மறைக்கும் போர்வையாக ஒரு பெண் பயன்படுத்த நேர்கிறது.

படித்துக்கொண்ட நீதிபதி

2025 தீர்ப்பு வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் சென்னைக்கு வந்து தஞ்சமடைந்தார்கள். மகளைக் காணோம் என்று வீட்டார் கொடுத்த புகாரில் போலீஸ் தேடி வந்தது. பாதுகாப்புக் கேட்டு அவர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது.

அவர் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் அழைத்துப் பேசினார். உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். பிறகு தானும் அந்த ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து, தன்பாலீர்ப்பு என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். தனக்குள் முன்முடிவுகள் இருந்தன என்பதையும், அவற்றைக் களைய வேண்டியிருந்தது என்பதையும் தீர்ப்பிலேயே எழுதி வைத்தார். நீதிபதி நாற்காலியில் இருந்துகொண்டு 'எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்' என்று கேட்பதற்குப் பெரிய மனது வேண்டும். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவு, தன்பாலீர்ப்பு கொண்டவர்களை 'மாற்றுகிறேன்' என்று நடத்தப்படும் சிகிச்சைகளைத் தடை செய்தது. அதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு காவல்துறை நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்ந்தது: இந்த மக்களைப் போலீஸார் துன்புறுத்துவது ஒழுங்கீனம். எந்தச் சொல்லால் இவர்களை மரியாதையாக அழைக்கலாம் என்று தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றையும் அரசு வெளியிட்டது. 2023 நவம்பரில், இணையாக வாழ்கிறவர்கள் தங்கள் உறவைப் பதிந்துகொள்ளக் குடும்ப இணைவு ஆவணம் ஒன்றை அரசு பரிசீலிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

டெல்லியில் பத்து நாள்

2022 நவம்பரில் ஹைதராபாத்தைச் சேர்ந்த சுப்ரியோ சக்ரவர்த்தி, அபய் டாங் என்ற இணையர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் தங்கள் திருமணத்தைப் பதிய வேண்டும் என்பது கோரிக்கை. வேறு வேறு உயர்நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளும் சேர்ந்துகொண்டன. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் எஸ்.கே. கவுல், எஸ். ரவீந்திர பட், ஹிமா கோலி, பி.எஸ். நரசிம்மா ஆகிய ஐந்து பேர் கொண்ட அரசியல் சாசன அமர்வு, 2023 ஏப்ரல் 18 முதல் மே 11 வரை பத்து நாள் கேட்டது. எல்லாம் நேரலையில் ஓடியது. அம்மாவிடம் சொல்ல முடியாத விஷயத்தை நாட்டின் பெரிய வழக்கறிஞர்கள் உரக்கப் பேசுவதை, எத்தனையோ பிள்ளைகள் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டிருப்பார்கள்.

இது நகரத்து மேட்டுக்குடியின் ஆசை என்பது ஒன்றிய அரசின் வாதங்களில் ஒன்று. அதற்குத் தலைமை நீதிபதி தன் தீர்ப்பில் பதில் எழுதினார். பெருநகரத்தில் வசதியாக வாழ்ந்து ஆங்கிலம் பேசும் உத்தியோகஸ்தர் மட்டும் இப்படி இருப்பதில்லை. வயலில் வேலை செய்யும் பெண்ணும் இப்படி இருக்கலாம் என்றார். நான் அதோடு ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்: ஒரகடத்தில் அசெம்ப்ளி லைனில் நிற்கும் பெண்ணும்.

அக்டோபர் 17 அன்று தீர்ப்பு. மணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல. சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் திருத்தி எழுத முடியாது. அது நாடாளுமன்றத்தின் வேலை. இதில் ஐந்து பேரும் ஒரே கருத்து. திருமணம் இல்லாவிட்டாலும் இவர்களுடைய இணைவை அரசு அங்கீகரித்தாக வேண்டுமா என்ற கேள்வியில் பிளவு. வேண்டும் என்றவர்கள் சந்திரசூட்டும் கவுலும். இல்லை என்றவர்கள் மற்ற மூவர். பெரும்பான்மைத் தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கணவன், மனைவி என்ற சொற்களை மாற்றினால், பெண்களைப் பாதுகாக்க எழுதிய சட்டங்கள் பலவும் குலையும் என்று அவர்கள் அஞ்சினார்கள். பி.எஃப்., பென்ஷன் போன்றவற்றில் இந்த இணையர்கள் பாதிக்கப்படுவதை அவர்களும் மறுக்கவில்லை. குழு அமைத்துப் பாருங்கள் என்று அரசிடம் விட்டார்கள். மறுசீராய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடியாயின.

தோற்றுப்போன சிறுபான்மைத் தீர்ப்பில் உங்களுக்கு நெருக்கமான ஓர் எண் இருக்கிறது: அரசியல் சாசனம் 19(1)(சி). இந்த மண்டபத்தில் அந்த எண் தெரியாதவர்கள் குறைவு. சங்கம் அமைக்கும் உரிமை. இருவர் இணைந்து வாழும் உரிமைக்கு அடித்தளமாகச் சந்திரசூட் காட்டிய பிரிவுகளில் அதுவும் ஒன்று. நீங்கள் எந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வேலைநிறுத்தப் பந்தலில் உட்கார்ந்தீர்களோ, அதே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த இணையர்களும் நின்றார்கள்.

பதிவுக்கு முன்னால்

2024 செப்டம்பர் 9 அன்று இங்கே சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். 37 நாள். எச்சூரில் பந்தல் போட்டதும், போலீஸ் அதைப் பிரித்ததும், மழையில் வெட்டவெளியில் உட்கார்ந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் கோரிக்கை என்ன? எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பதுதான். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி ஒரு பதிவு, ஓர் எண், ஒரு சான்றிதழ். அதற்காக உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. சான்றிதழ் வந்தது 2025 ஜனவரி 27 அன்று.

இப்போது நான் கேட்கிறேன். ஜனவரி 27க்கு முன்னால் உங்கள் சங்கம் இல்லையா? பந்தலில் ஒருவர் சோற்றை ஒருவர் பகிர்ந்தது, கைதானவர்களுக்காகக் காத்து நின்றது, சம்பளம் பிடிக்கப்பட்ட வீட்டுக்கு அரிசி கொண்டுபோனது எல்லாம் பதிவு எண் வந்த பிறகா நடந்தது? சங்கம் முதலில் உண்டானது. பதிவேடு பின்னால் வந்து அதைக் குறித்துக்கொண்டது. குறித்துக்கொள்ளாத வரை நிர்வாகம் உங்களை 'ஆள் ஆளாக வாருங்கள்' என்றது. அந்த இணையர்களையும் சட்டம் இன்றுவரை ஆள் ஆளாகத்தான் பார்க்கிறது. ஆறு வருஷம் ஒரே அடுப்பில் பொங்கியவர்களைத் தனித்தனி நபர்களாக.

உறவு முதலில், ஏடு பிறகு. நான் சொல்ல வந்தது இதுதான். இது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. மணச் சடங்கு எப்படி வந்தது என்று தொல்காப்பியம் கற்பியலில் ஒரு செய்தி சொல்கிறது. பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகுதான் பெரியவர்கள் கரணத்தை வகுத்தார்கள் என்கிறது. சேர்ந்து வாழ்வது பழையது. அதைக் காப்பதற்காக வந்த சடங்கு பிந்தியது.

சுயமரியாதைத் திருமணத்தின் கதையையும் பாருங்கள். 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாத திருமணம் நடந்தது. பிறகு ஊர் ஊராக நடந்தன. சட்டம் ஏற்கவில்லை. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், ஓமமும் சப்தபதியும் இல்லாத அப்படியொரு திருமணம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. அந்த நாளில் தமிழ்நாட்டில் எத்தனையோ மனைவிமார் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லாதவர் ஆனார்கள். பிள்ளைகளின் சொத்துரிமை கேள்விக்குறியானது. அதற்காக அவர்கள் உறவை முறித்துக்கொண்டு போய்விடவில்லை. வாழ்ந்தார்கள். அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். அதைவிடப் பெரிய செய்தி, முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது அந்தச் சட்டம். ஏடு பின்னோக்கிப் போய், விட்டுப்போன உறவுகளை எழுதிக்கொண்டது.

அரைநூற்றாண்டு கழித்து இன்னொரு பதிவேடு. 2018 அக்டோபரில் தூத்துக்குடி சிவன் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் பதிய மறுத்தார். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு. சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்து, பதியச் சொன்னார். ஒரு சொல்லின் கதவை அகலமாகத் திறந்தார். வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

இங்கே இன்னொரு நியாயமான கேள்வியும் வரும். திருமணம் என்ற ஏற்பாடே பெண்ணை அடிமையாக்கியது என்று பெரியார் சொல்லவில்லையா? அதற்குள் போக ஏன் இவ்வளவு போராட்டம்? திருமணத்தை அவ்வளவு கடுமையாக விமர்சித்த அதே பெரியார்தான் ஊர் ஊராகப் போய்ச் சுயமரியாதைத் திருமணம் நடத்தி வைத்தார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை, வேண்டும் என்று சொல்ல முடிந்தவருக்குத்தான் உண்டு. கதவு பூட்டியிருக்கும் வீட்டுக்குள் நான் போகமாட்டேன் என்று சொல்வதில் என்ன சுதந்திரம் இருக்கிறது?

தைவானிலும் கொரியாவிலும்

நம் சாலையில் ஓடும் கம்பெனி பஸ்களின் முதலாளிகள் எந்த நாட்டுக்காரர்கள் என்று உங்களுக்குத் தெரியும். தைவானில் 2019 மே 24 முதல் தன்பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும். ஆசியாவில் அதுதான் முதல் நாடு. தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் செல்லும். நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்தது. தென்கொரியாவில் இன்னும் திருமண உரிமை இல்லை. ஆனால் 2024 ஜூலை 18 அன்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: தேசிய மருத்துவக் காப்பீட்டில், இணையைச் சார்ந்தவராகச் சேர்க்கும் உரிமை ஒரே பாலினத்து இணையர்க்கும் உண்டு. நம் கணக்கில் சொன்னால், இ.எஸ்.ஐ. கார்டில் தோழியின் பெயர்.

அமெரிக்காவில் 2015இல் நாடு முழுவதும் இந்த உரிமையைத் தந்த வழக்கும் ஒரு சான்றிதழ்க் கட்டத்தில்தான் தொடங்கியது. ஒஹையோ மாநிலத்தில் ஜிம் ஓபர்கெஃபெல் என்பவரின் இணை தீராத நோயில் படுத்துவிட்டார். நோயாளியை விமானத்தில் கிடத்தி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய், ஓடுதளத்திலேயே மணம் செய்துகொண்டு திரும்பினார்கள். இணை இறந்தபின் வரும் இறப்புச் சான்றிதழில், உயிரோடிருக்கும் வாழ்க்கைத்துணை என்ற இடத்தில் தன் பெயர் வர வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. ஒரு பெயர், ஒரு கட்டம்.

நம் நாட்டிலும் சில கட்டங்கள் திறந்திருக்கின்றன. 2023 தீர்ப்பின் தொடர்ச்சியாக ஒன்றிய அரசு குழு அமைத்தது. 2024இல் சில விளக்கங்கள் வந்தன: இணையர் கூட்டாக வங்கிக் கணக்குத் தொடங்கலாம், ஒருவரையொருவர் நாமினியாக்கலாம், ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணையின் உடலைப் பெற்றுக்கொள்ளலாம். வங்கி மேனேஜருக்கே இது தெரியாமல் இருக்கலாம், நீங்கள் தெரிந்துவைத்திருங்கள். பி.எஃப். படிவத்தின் கட்டமோ இன்னும் பூட்டியே இருக்கிறது.

வீட்டுக் கூடம்

2025 பிப்ரவரி 14 அன்று 'காதல் என்பது பொதுவுடைமை' என்ற தமிழ்ப்படம் வந்தது. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கியது. ஜெய் பீமில் செங்கேணியாக நடித்த லிஜோமோல் ஜோஸ், இதில் தான் நேசிக்கும் பெண்ணை வீட்டுக்கு அழைத்துவரும் மகள். ரோகிணி தாய். இதில் விசாரணை நடப்பது வீட்டுக் கூடத்தில். முற்போக்காகப் பேசிப் பழகிய தாய்க்கே தன் மகள் என்றதும் தொண்டை அடைக்கிறது. 2023இல் வந்த மலையாளப் படம் 'காதல் – தி கோர்', இன்னொரு பக்கத்தைக் காட்டியது. தன்பாலீர்ப்பு கொண்ட கணவனிடம் மனைவி விவாகரத்துக் கேட்டு நீதிமன்றம் போகிறாள். மம்மூட்டியும் ஜோதிகாவும் நடித்தார்கள். ஊருக்காக ஒருவனைக் கட்டாயப்படுத்திக் கல்யாணம் செய்துவைத்தால், பாழாவது இரண்டு வாழ்க்கை என்பதை அந்தப் படம் பொறுமையாகச் சொன்னது. மாப்பிள்ளை பார்க்கும் பெற்றோர் அதைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சாலையில் இரண்டு பெண்கள் சேர்ந்து வீடெடுப்பது சுலபம். ஹாஸ்டலில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்திருக்கிறீர்கள்; யாரும் எதுவும் கேட்பதில்லை. ஊரிலிருந்து 'பத்திரிகை அடிச்சாச்சு, லீவு போட்டுட்டு வா' என்று போன் வரும் நாளில்தான் எல்லாம் நொறுங்குகிறது. அப்படி யாராவது இங்கே இருந்தால், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 18 வயது நிறைந்தவளை அவள் விருப்பத்துக்கு மாறாக யாரும் அடைத்துவைக்க முடியாது. பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஸ்டேஷனில் யாராவது அசிங்கமாகப் பேசினால் 24-சி என்று சொல்லுங்கள்.

மூத்த தோழரே, இப்போது உங்களிடம் வருகிறேன். பி.எஃப். விதியை நாம் இங்கே உட்கார்ந்து மாற்ற முடியாது. ஆனால் கம்பெனி எடுக்கும் குரூப் இன்சூரன்ஸில் யார் யார் சேரலாம் என்பது நிர்வாகமும் காப்பீட்டு நிறுவனமும் பேசி முடிவு செய்வது. ஐ.டி. நிறுவனங்கள் சிலவற்றில் ஒரே பாலினத்து இணையையும் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் சாவு விழுந்தால் எத்தனை நாள் லீவு, யாருடைய சாவுக்கு லீவு என்பதும், ஆலையில் அடிபட்டால் முதலில் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதும் ஊதிய ஒப்பந்தத்தில் எழுதக்கூடியவை. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி சேருங்கள்: தொழிலாளி தன் குடும்பம் என்று எழுதிக்கொடுக்கும் ஒருவரை நிர்வாகம் குடும்பமாக ஏற்க வேண்டும். இந்த ஒரு வரி, திருமணமாகாத அக்காவைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கும், வளர்த்த பெரியம்மாவோடு வாழும் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் உதவும். யார், எதற்கு என்று யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிராது. கேட்கத் தைரியமில்லாதவருக்காகச் சேர்த்துக் கேட்பதற்குத்தானே சங்கம்?

அன்று அந்தப் பெண் படிவத்தில் வேறு வழியில்லாமல் அம்மா பெயரை எழுதிக் கொடுத்தாள். அடித்தல் திருத்தல் இருந்த பழைய தாளைக் கிழித்துப் போடாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். "அதுலதானே உண்மை இருக்கு" என்றாள்.

பந்தலில் நீங்கள் ஒருவரையொருவர் 'தோழர்' என்று அழைத்துக்கொள்கிறீர்கள். அவள் ஓரத்தில் எழுதிய சொல்லும் அந்தச் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. உங்கள் கோரிக்கைப் பட்டியலில் அவளுக்காக ஒரு வரி இடம் கொடுங்கள். அதுவே இந்தக் காலத்து அறத்தொடு நிற்றல்.